எட்டாம் எலியின் தடித்த வளையம்

ஜூலை 3, வியாழன்

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் சரி, காலில் விழுந்து கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அக்காவிடம். அதைவிட முக்கியமாக அக்காவுடைய புரொபசர் மேடத்திடம். படிப்பது அப்பாவாக இருந்தால் பரவாயில்லை, சிரித்துவிட்டு மறந்துவிடுவார். அம்மாவாக இருந்தால் — அம்மா, இந்தப் பக்கத்தோடு மூடி வைத்துவிடு, ப்ளீஸ். இது வெறும் ஜியாமெட்ரி நோட்டு.

பாத்ரூமில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் உள்தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் ஒரே கதவு இதுதான். நானும் அக்காவும் ஒரே அறையில் படுக்கிறோம். பேனா மூடியைத் திறக்கும் சத்தத்துக்கே அவள் விழித்துக்கொள்வாள்.

அக்கா ஆராய்ச்சி மாணவி. எலிகளுக்கு ஊசி போட்டுவிட்டு அவை எத்தனை மில்லி மூத்திரம் போகின்றன என்று அளப்பதுதான் அவள் படிப்பு. வகுப்பில் இதைச் சொன்னால் என் மானம் போய்விடும் என்பதால் "மருந்து ஆராய்ச்சி" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.

அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வர ஆறு மணி ஆகும். அதனால் மூன்றரைக்கு அக்கா வந்து என்னை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போகிறாள். பெரிய ரோட்டைக் கடக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள். பிடிக்கிறாள் என்பது சும்மா சொல்வது. போலீஸ்காரர் திருடனைப் பிடிக்கிற பிடி. எட்டாம் வகுப்புப் படிக்கிறவளை! ஆறாம் வகுப்பு வாண்டுகள் எல்லாம் பார்க்க!

அங்கே நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்ய வேண்டும். எலிகள் இருக்கும் அறைக்குள் போகக் கூடாது. கதவிலேயே பலகை தொங்குகிறது: வெளியாட்கள் நுழையக் கூடாது.

நான் நுழைந்தேன். இன்று மட்டும் இல்லை, ஒரு மாதமாக.

எல்லாம் எலியண்ணனால்தான். (இல்லை. அவர்மேல் பழி போடக் கூடாது. அழித்து எழுத ரப்பர் இல்லை.) எலிகளுக்குத் தீனி வைத்து, கூண்டு கழுவி, பார்த்துக்கொள்வது அவர்தான். அந்தக் கட்டடமே அவரை எலியண்ணன் என்றுதான் கூப்பிடுகிறது. எலிகளின் வாலில் மையால் வளையம் போடுவதும் அவர் வேலை. மொத்தம் பத்து எலி, எல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை. வளையத்தை வைத்துத்தான் எது எந்த நம்பர் என்று தெரியும். மெல்லிய வளையம் ஒன்றுக்கு ஒன்று. வாலின் அடியில் போடும் தடித்த வளையம் ஐந்து. அப்படியென்றால் மூன்றாம் எலிக்கு மூன்று மெல்லிய வளையம். எட்டாம் எலிக்கு ஒரு தடித்தது, மூன்று மெல்லியது. எலிகள் சும்மா இருக்குமா? நக்கி நக்கி அழித்துவிடும். மூன்று நாளைக்கு ஒரு முறை மேலே பூச வேண்டும்.

எலியண்ணனுக்குக் கிட்டத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. கண்ணாடியும் இல்லை. "பாப்பா, உன் கண்ணு நல்ல கண்ணு. ரெண்டு கோடு போட்டுக் குடேன்" என்றார் ஒரு நாள். நான் போட்டுக் கொடுத்தேன். என் கையெழுத்தே முத்து முத்தாக இருக்கும், வளையம் கேட்கவா வேண்டும்? அக்கா ரத்தம் சுழற்றும் மெஷினோடு வேறு அறையில் இருப்பாள். அவளுக்கு இது தெரியவே தெரியாது.

மூன்றாம் எலிக்கு நான் மாப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். யார் வந்தாலும் எழுந்திருக்காது. எட்டாம் எலி மச்சான். ஓயாமல் எதையாவது உருட்டிக்கொண்டிருக்கும். ஒன்று முதல் ஐந்துவரை மேல்தட்டு, ஆறு முதல் பத்துவரை கீழ்த்தட்டு. அதனால் மாப்பிள்ளை மேலே, மச்சான் கீழே. ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. பாவமாக இருக்காதா?

இன்று எலியண்ணன் தட்டு கழுவப் போன நேரத்தில் இரண்டையும் வெளியே எடுத்து மேசைமேல் விட்டேன். ஒரு நிமிஷம் மோந்து பார்த்தார்கள். பிறகு கட்டிப் புரண்டார்கள். நான் சிரித்தேன். பிறகு வாலைப் பார்த்தேன். சிரிப்பு நின்றது.

இரண்டு வாலிலும் மூன்று மெல்லிய வளையம். மச்சான் தன் தடித்த வளையத்தை முழுசாக நக்கித் தீர்த்திருக்கிறான்.

வெளியே வாளிச் சத்தம். நான் எந்த எலி திருட்டு முழி முழித்ததோ அதற்குத் தடித்த வளையம் போட்டுக் கீழ்க்கூண்டில் விட்டேன். மற்றதை மேலே.

சரியாகத்தான் இருக்கும். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே.

ஜூலை 4, வெள்ளி

மேல்கூண்டில் இருப்பவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று தீனிக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். மாப்பிள்ளை எழுந்திருக்க மாட்டாரே.

ஜூலை 7, திங்கள்

அக்காவுக்கு நாளைக்குப் பரீட்சை. எலிகளுக்கும்தான்.

சாப்பிடும்போது அப்பா, "அப்படி என்னதாம்மா கண்டுபிடிக்கப் போற? எலி மூத்திரம் போகுதுன்னா? அது நம்ம அலமாரியப் பார்த்தாலே தெரியுமே" என்றார். அம்மா சாப்பிடுகிற இடத்தில் என்ன பேச்சு என்று கரண்டியால் மேசையைத் தட்டினாள்.

அக்காவுக்கு இதற்கெல்லாம் கோபம் வராது. விளக்கம்தான் வரும். கால் வீங்கியவர்களுக்கு டாக்டர் நீர் மாத்திரை தருகிறாரே, அந்த மருந்துதானாம். ஊசியில் போட்டால் ரத்தத்துக்குள் போகும். ரத்தத்தில் ஆல்புமின் என்று ஒரு புரதம் இருக்கிறது. மருந்து உள்ளே வந்ததும் இந்தப் புரதம் அதன் கையைப் பிடித்துக்கொள்ளும். நூறில் தொண்ணூற்றெட்டு அதன் பிடியில். மிச்சம் இரண்டுதான் கை விட்டுச் சுற்றும்.

"பிடிச்சு வச்ச மருந்து வேலை செய்யாது. சும்மா சுத்துற மருந்துதான் வேலை செய்யும். இதுதான் மேடம் எடுத்த எடுப்புலயே சொல்றது" என்றாள்.

கீழ்த்தட்டு எலிகள் ஐந்தும் பிறவியிலேயே அந்தப் புரதம் இல்லாதவை. அவற்றைப் பெறவே அக்கா ஒரு வருஷம் காத்திருந்தாள். பார்ப்பதற்கு ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனால் அவற்றின் ரத்தத்தில் கையைப் பிடிக்க ஆளே இல்லை. நூறு மருந்தும் சுதந்திரம். அதனால் கீழ்த்தட்டில் வெள்ளம் வர வேண்டும், மேல்தட்டில் அளவாக வர வேண்டும்.

எனக்கு இது உடனே புரிந்தது. தினமும் மூன்றரை மணிக்கு என் மணிக்கட்டுக்கு நடப்பது இதுதானே? கையை விட்டால் நான் எவ்வளவு வேலை செய்வேன்!

பிறகுதான் உறைத்தது. மேல்தட்டும் கீழ்த்தட்டும் வேறு வேறு ஜாதி எலி. நான் மாற்றியிருந்தால்? மூன்று வருஷப் படிப்பு. பத்தே பத்து எலி.

அக்கா இன்று சீக்கிரம் தூங்கிவிட்டாள். தூக்கத்தில் "மில்லி" என்றாள்.

ஜூலை 8, செவ்வாய்

பள்ளியில் அரை நாள்தான். வராந்தாவில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். ஒவ்வொரு எலியும் கம்பித் தரை போட்ட தனிக் கூண்டில். அடியில் புனல். புனலுக்கு அடியில் கோடு போட்ட குழாய். புழுக்கை ஒரு பக்கம் உருண்டு போய்விடும், மூத்திரம் மட்டும் குழாயில் சொட்டும். அந்தக் கூண்டைக் கண்டுபிடித்தவருக்கு என் வணக்கம்.

மூன்று மணி நேரம். பிறகு அக்கா குனிந்து குனிந்து குழாயைப் படித்தாள், எலியண்ணன் நின்றுகொண்டிருந்தார், மேடம் எழுதிக்கொண்டார். நான் வெளியிலிருந்தே கேட்டு முன்கையில் எழுதிக்கொண்டேன்.

மேல்தட்டு: எட்டரை, ஒன்பது, மூன்று, எட்டு, ஒன்பதரை.
கீழ்த்தட்டு: மூன்று, இரண்டரை, ஒன்பது, மூன்று, மூன்றரை.

அக்கா குழாய்களை இன்னொரு தடவை படித்தாள். வெள்ளம் வர வேண்டிய கீழ்த்தட்டில் வறட்சி. அளவாக வர வேண்டிய மேல்தட்டில் வெள்ளம். அதிலும் மூன்றாம் எலி மட்டும் வறட்சி, எட்டாம் எலி மட்டும் வெள்ளம்.

மூன்று. எட்டு.

எனக்கு அழுகை வரவில்லை. மூத்திரம்தான் வந்தது.

ஜூலை 9, புதன்

இன்று நடந்ததை எழுதவே கை வரவில்லை.

மேடம் உயரம் குறைவு, குரல் உயரம். எதைச் சொன்னாலும் "அவ்வளவுதான்" என்று முடிப்பார். முடித்தால் முடித்ததுதான், பிறகு யாரும் பேச முடியாது. வராந்தாவில் வைத்தே எலியண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

"வால்ல மை போடறது யார் வேலை?"

"என் வேலைதான் மேடம்."

"மை அழிஞ்சு போயிருக்கு. கழுவற அன்னைக்கு எல்லாத்தையும் கலந்து விட்டுட்டு, அப்புறம் குத்துமதிப்பா வளையம் போட்டிருக்கீங்க. மேல்தட்டு கீழ, கீழ்த்தட்டு மேல. ரெண்டு மட்டும் உங்களை மீறி அதது இடத்துல உக்காந்துடுச்சு. அவ்வளவுதான்."

"எலி மாறினா எனக்குத் தெரியாதா மேடம்?"

"தெரிஞ்சா ஏன் மாறுது? ஆபீசுக்கு லெட்டர் எழுதப் போறேன். திங்கக்கிழமை சாயந்திரம் அனுப்பிடுவேன். வேற ஆள் போடட்டும்."

எலியண்ணன் எட்டு வருஷமாக அங்கே தற்காலிகம். லெட்டர் போனால் அன்றைக்கே வெளியே. அவர் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: வளையம் போடறது நான் இல்ல மேடம், அதோ பெஞ்சுல உக்காந்து பேந்தப் பேந்த முழிக்குதே, அந்தப் பாப்பா. சொல்லவில்லை. தலையைச் சொறிந்தார். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, அவித்த முட்டையை இரண்டாக்கி, எப்போதும் போலப் பாதியை எனக்குக் கொடுத்தார்.

சாப்பிட்டேன். நான் எவ்வளவு கேவலமான பிறவி! சாப்பிட்டேன், உப்புப் போதவில்லை என்றுகூட நினைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

அம்மா கண்டுபிடித்துவிட்டாள்! இந்த நோட்டை இல்லை. நான் ராத்திரி ராத்திரி பாத்ரூம் போவதை.

"ஒரு வாரமா பார்க்கறேன், போனா அரை மணி நேரம். என்னடி பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலையேம்மா."

"ஒண்ணும் பண்ணாம எதுக்கு அரை மணி நேரம்?"

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "ஏம்மா பெரியவளே, எலிக்குப் போட்ட ஊசி மிச்சம் இருந்துச்சுன்னு தங்கச்சிக்குப் போட்டுட்டியா?" என்றார். அக்கா சிரிக்கவில்லை. இரண்டு நாளாக அவள் எதற்கும் சிரிப்பதில்லை. தட்டில் இருந்த பட்டாணியை ஐந்து ஐந்தாகப் பிரித்து, மூன்றாவதையும் எட்டாவதையும் முறைத்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்கு டாக்டர்.

ஜூலை 11, வெள்ளி

டாக்டர் ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்து உள்ளே அனுப்பினார். பாட்டிலில் கோடு கோடாக அளவு போட்டிருந்தது. சத்தியமாக. எலிகளின் சாபம் இத்தனை சீக்கிரம் பலிக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பயத்தில் ஒரு சொட்டுகூட வரவில்லை. வெளியே அம்மா, "வீட்டுல மட்டும் போறா, இங்க வரலையாம்" என்று கூடத்துக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பித் தரையில் மாப்பிள்ளை எப்படிப்பட்ட மனநிலையில் நின்றிருப்பார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

கடைசியில் இருபது மில்லி. எல்லாம் சரியாக இருக்கிறதாம். டாக்டர் என்னை மட்டும் பார்த்து, "எதுக்காவது பயப்படறியாம்மா?" என்று கேட்டார். "இல்லை டாக்டர்" என்றேன். "சரி, அந்த எதையோ யார்கிட்டயாவது சொல்லிடு" என்றார். மாத்திரை எழுதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முன்கையிலிருந்து நோட்டுக்கு மாற்றியிருந்த எண்களை எடுத்தேன். மூன்றையும் எட்டையும் மட்டும் இடம் மாற்றி எழுதிப் பார்த்தேன்.

மேல்தட்டு: எட்டரை, ஒன்பது, ஒன்பது, எட்டு, ஒன்பதரை.
கீழ்த்தட்டு: மூன்று, இரண்டரை, மூன்று, மூன்று, மூன்றரை.

தலைமுடி சிலிர்த்தது. சீப்பால் வாரின மாதிரி இருக்கிறது! அப்படியென்றால் நான் மாற்றித்தான் விட்டிருக்கிறேன். சந்தேகமே இல்லை.

ஆனால் எலியண்ணன் எதையும் மாற்றவில்லை என்றால் இது முழுக்கத் தலைகீழ். சுதந்திரமாகச் சுற்றும் மருந்து வேலையே செய்யவில்லை. கையைப் பிடித்து வைத்த மருந்துதான் வேலை செய்கிறது. இப்படியும் நடக்குமா? நடக்காது என்கிறார் மேடம். எலி மாறினால் தெரியாதா என்கிறார் எலியண்ணன். யாராவது ஒருவர் தப்பு.

நான் சொன்னால்: தன் வேலையை ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்தார் என்று அவருக்கு வேலை போகும். சொல்லாவிட்டால்: எலிகளைக் கலந்துவிட்டார் என்று வேலை போகும். எப்படிப் போட்டாலும் விடை ஒன்றுதான் வருகிறது. கணக்கில் எனக்கு எப்போதும் தொண்ணூறுக்கு மேல்தான், ஆனால் இந்தக் கணக்கு —

ஜூலை 13, ஞாயிறு

நாளைக்குத் திங்கள். சாயந்திரம் லெட்டர்.

ஜூலை 14, திங்கள்

சொல்லிட்டேன்.

எங்கே சொல்வது என்று பள்ளியில் ஏழு பீரியடும் யோசித்தேன். கடைசியில் பெரிய ரோட்டின் நடுவில் சொல்வது என்று முடிவு செய்தேன். அங்கே அக்காவால் என்னை அடிக்க முடியாது, ஒரு கை என் மணிக்கட்டில் இருக்கும், இன்னொன்றால் வண்டிகளை நிறுத்திக்கொண்டிருப்பாள்.

"அக்கா, மூணாம் எலியையும் எட்டாம் எலியையும் நான்தான் மாத்தி விட்டேன். வளையமும் நான்தான் போட்டேன். ஒரு மாசமா நான்தான் போடறேன்."

அக்கா நின்றுவிட்டாள். நடு ரோட்டில். ஒரு லாரி ஹாரன் அடித்தது, ஒரு ஸ்கூட்டர்காரர் எங்கள் குடும்பத்தையே விசாரித்தார்.

"நடு ரோட்டுல சொல்ற விஷயமாடி இது?"

"நீ அடிப்பியே."

"எந்தெந்த எலின்னு சொன்ன? இன்னொரு தரம் சொல்லு."

"மூணு. எட்டு."

அவள் உதடு மட்டும் அசைந்தது. அந்தப் பட்டாணிகளை மனதுக்குள் மாற்றி வைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த நிமிஷம் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். அடிப்பதற்காக என்று நினைத்து நான் அழுதுகொண்டே ஓடினேன்.

மேடத்தின் மேசையில் லெட்டர் கையெழுத்துப் போட்டுத் தயாராக இருந்தது. அக்கா வாயைத் திறப்பதற்குள் நானே ஆரம்பித்துவிட்டேன். மாப்பிள்ளை, மச்சான், திருட்டு முழி, முட்டை, எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாக வந்து விழுந்தன. எலியண்ணனுக்குக் கண் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கதவருகில்தான் நின்றிருந்தார்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "ரெண்டு எலி நீ மாத்தின. சரி. தட்டே மாறலைன்னு என்ன உத்தரவாதம்?" என்றார்.

"ஒரு சொட்டு ரத்தம் போதும் மேடம். இப்பவே பார்த்துடலாம்" என்றாள் அக்கா.

பத்து எலிகளின் வாலிலிருந்தும் ஒவ்வொரு சொட்டு. மெஷினில் சுழற்றி, மேலே தெளிந்ததை எடுத்து, மஞ்சள் தண்ணீர் ஊற்றிய பத்துக் குழாய்களில் விட்டாள். அந்தப் புரதம் இருந்தால் மஞ்சள் பச்சையாகும். இல்லாவிட்டால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். நாங்கள் நான்கு பேரும் குனிந்து நின்றோம். எலியண்ணன் என்னிடம் ரகசியமாக, "என்ன கலர் வருது பாப்பா?" என்று கேட்டார்.

மேல்தட்டு: பச்சை, பச்சை, மஞ்சள், பச்சை, பச்சை.
கீழ்த்தட்டு: மஞ்சள், மஞ்சள், பச்சை, மஞ்சள், மஞ்சள்.

"மேல்தட்டு மேலதான் இருக்குண்ணே. நீங்க எதையும் மாத்தல. நான்தான் ரெண்டு" என்றேன். மூக்கு ஒழுகியது.

மேடம் வாயைத் திறந்தார். "அவ்வளவு —" என்றார். மூடிக்கொண்டார். திரும்பவும் பத்துக் குழாய்களையும் பார்த்தார். "அப்ப அந்த நம்பர் நிஜம்" என்றார். இந்த முறை குரல் உயரவில்லை. "புரதம் இல்லாத எலிக்கு மருந்து கேட்கவே இல்லை."

லெட்டரைக் கிழித்தார். நான்காக. பிறகு எலியண்ணனைப் பார்த்து, "கண்ணு தெரியலைன்னா வாயத் திறந்து சொல்றதுக்கு என்ன?" என்று கத்தினார். அது மன்னிப்பா திட்டா என்று யாருக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது.

எனக்குத் தண்டனை: அந்த அறைப் பக்கம் இனி தலை வைத்துப் படுக்கக் கூடாது. பெஞ்சு மட்டும். அக்காவுக்கு: எல்லாம் முதலிலிருந்து. புதுசாக, வளையம் இல்லாமல், காதில் நம்பர் வில்லை போட்டு.

திரும்பி வரும்போது அக்கா முன்னால் நடந்தாள். ரோட்டோரம் வந்ததும் நானே கையை நீட்டினேன்.

ஜூலை 15, செவ்வாய்

அடித்தாள். ஒன்றே ஒன்று, முதுகில். நேற்றைய பாக்கியாம்.

ஜூலை 18, வெள்ளி

பள்ளியிலிருந்து மியூசியம் கூட்டிப் போனார்கள். பத்துப் பேருக்கு ஒரு டீச்சர், கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். எங்கள் டீச்சருக்குக் காய்ச்சல், வரவில்லை. "நீங்க பெரியவங்க, பின்னாலயே வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் பத்துப் பேரும் பயங்கர சந்தோஷத்தில் கிளம்பினோம். மியூசியம் வாசலில் எண்ணிப் பார்த்தபோது இரண்டு பேர் இருந்தோம். மூன்று பேர் ஐஸ் வண்டியில். இரண்டு பேர் ஒரு செருப்புக் கடையில். ஒருத்தி ஒரு நாய்க்குட்டியோடு. மிச்சம் இரண்டு பேர் எங்கே போனார்கள் என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

இதை ராத்திரி சாப்பாட்டில் சொன்னேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இதைத்தான் நானும் மேடமும் மூணு நாளா மண்டைய உடைச்சுக்கிட்டிருக்கோம்" என்றாள். கீழ்த்தட்டு எலிகளின் மூத்திரத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார்களாம். கொஞ்சம்தான். போட்ட மருந்து பெரும்பாலும் சிறுநீரகத்துக்கு வந்து சேரவே இல்லை. பிடிக்க ஆள் இல்லாததால் ரத்தத்தை விட்டு இறங்கி உடம்பு முழுக்கச் சந்து பொந்தெல்லாம் போய் உட்கார்ந்துவிட்டது. புரதம் இருக்கிற எலியில் அது கையைப் பிடித்துச் சிறுநீரகம்வரை கொண்டு போகிறது. அங்கே வாசலில் சிறுநீரகமே மருந்தைப் பிடுங்கி உள்ளே இழுத்துக்கொள்கிறது. மருந்து வேலை செய்கிற இடம் அந்த உள்பக்கம்தான்.

"அப்ப பிடிச்சு வைக்கிறது வேலையக் கெடுக்க இல்லையா?" என்று கேட்டேன்.

"அப்படித்தான் தோணுது. ஆனா தோணுறது போதாதுடி. காட்டணும்" என்றாள் அக்கா.

அம்மா, "மூத்திரப் பேச்சு முடிஞ்சுதுன்னா யாராவது தட்டு கழுவுங்க" என்றாள்.

ஜூலை 22, செவ்வாய்

ஒரு வாரமாக ராத்திரி எழுந்திருக்கவில்லை என்று அம்மா டாக்டருக்கு போன் செய்து நன்றி சொன்னாள். அவர் என்ன மருந்து கொடுத்தார் என்று யாருக்கும் நினைவில்லை.

ஜூலை 30, புதன்

பெஞ்சிலிருந்து பார்த்தேன். கண்ணாடிக் கதவு அதே கண்ணாடிக் கதவு.

இன்று ஊசி போடுவதற்கு முன்பே மருந்தையும் புரதத்தையும் ஒரு குழாயில் கலந்து வைத்துவிட்டாள் அக்கா. கையைப் பிடித்தபடியே உள்ளே அனுப்புவது. கீழ்த்தட்டு எலிகளுக்கு மட்டும். மேடம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், ஒரு தடவைகூட "அவ்வளவுதான்" என்று சொல்லவில்லை.

முதல் அரை மணியிலேயே சொட்டுச் சத்தம் எனக்குக் கேட்டது. கேட்டிருக்க முடியாது என்கிறாள் அக்கா. கேட்டது.

எட்டு. ஏழரை. எட்டு. எட்டரை. ஏழு.

அக்கா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, வராந்தா முழுக்க நடந்து, திரும்பி நடந்து வந்து, என் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினாள்.

ஆகஸ்ட் 2, சனி

இனி பாத்ரூமில் உட்கார்ந்து எழுத எனக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் வாளி பழகிவிட்டது.

எலியண்ணன் கண்ணாடி போட்டுவிட்டார். ஆபீசில் சொல்லி மேடமே வாங்க வைத்தாராம். நேற்று அதை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கூண்டாகக் குனிந்து பார்த்து, "அட, இதுங்களுக்கு இவ்வளவு மீசையா!" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும், "பாப்பா, உனக்கு மூக்குல ஒரு மச்சம் இருக்கு, தெரியுமா?" என்றார்.

எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "அண்ணே, எலி மாறினா தெரியாதான்னு அன்னைக்கு மேடத்துகிட்ட சொன்னீங்களே. ஆனா மாப்பிள்ளையும் மச்சானும் மாறினது உங்களுக்குத் தெரியலையே?"

அவர் முட்டையை உரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான் தீனிக் கிண்ணத்தக் கவுப்பான். மாப்பிள்ளை கவுக்க மாட்டான். மேல்கூண்டுல கிண்ணம் தினம் கவுந்து கிடந்துச்சு. தெரியாம இருக்குமா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"எனக்குப் புரிஞ்சதே நம்பரெல்லாம் பார்த்தப்புறம்தான். அப்ப சொன்னா மேடம் அடுத்த கேள்வி என்ன கேப்பாங்க? யாரு மாத்துனாங்கன்னு கேப்பாங்க." முட்டையை இரண்டாக்கினார். "என் வேலைய உன் கையில குடுத்தது நான். தப்பு மட்டும் உன் கையிலயே இருக்கட்டும்னு விட்டுட முடியுமா?"

பாதியை நீட்டினார். இந்த முறை உப்பும் போட்டிருந்தார். விரலில் ஒட்டியதுவரை சாப்பிட்டேன்.

மாப்பிள்ளை மேலே, மச்சான் கீழே, அவரவர் வீட்டில். காதில் ஆளுக்கு ஒரு வில்லை. நக்க முடியாது. மச்சான் முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறானாம்.

திங்கட்கிழமையிலிருந்து ரோட்டை நீயே கடந்து வா என்று அக்கா சொல்லியிருக்கிறாள். சரி என்று சொல்லியிருக்கிறேன். எதற்கும் முதல் நாள் மட்டும் —

கதவைத் தட்டுகிறார்கள். அக்காதான்.

"உள்ள இன்னும் எத்தனை பக்கம்டி பாக்கி?"

பக்கமா? மில்லி என்றல்லவா கேட்க வேண்டும்? அப்படியானால் இந்த நோட்டு இருப்பது அவளுக்கு எப்போதிலிருந்து தெரி